நடுவர் கேட்ட கேள்வி

அரையிறுதியில் ஒரே பெனால்டியில் தோற்று, எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி கம்பத்தில் தேனி பஸ் ஏறியது. பந்து என் கையில் பட்டதென்று பெனால்டி கொடுத்த நடுவரும் உள்ளே இருந்தார். படவில்லை என்று மைதானத்தில் அவரிடம் கத்தியிருந்தேன். இப்போது அவர் பக்கத்தில்தான் இடம்.

வெயிலில் கறுத்த கழுத்து, சுண்ணாம்பு படிந்த ஷூ. விசில் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். சின்னமனூர் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"தம்பி, நெசமாவே கையில பட்டுச்சா? வெயில்ல கண்ணு கூசிருச்சுப்பா, சரியாத் தெரியல."

"பட்டுச்சு சார்."

கயிற்றைப் பைக்குள் போட்டுவிட்டு, வீரபாண்டி வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

மறுநாள் பயிற்சியில் யாருக்கும் ஓடத் தெம்பில்லை. "அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுடா" என்று ஒருவன் ஆரம்பித்தான். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அவரைத் திட்டித்தான் நாங்கள் மறுபடி ஓர் அணியானோம்.

நானும் திட்டினேன்.