ஓடுபாதைக்குச் சலாம் சொன்னவன்

1. ஆள் கணக்கு

“நீ ஏறினா இந்த ப்ளேன் ஏறாது, தாஹிர்.”

எங்கள் ஸ்டேஷன் ஒபிசர் ஹசன் சேர் இதைச் சொன்னபோது, இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் என் உம்மா கண்மூடி மௌத்தான செய்தி அப்போதுதான் வந்திருந்தது. மாலைதீவின் தெற்கே ஒரு சின்னத் தீவு விமானநிலையத்தில் நான் தீயணைப்புப் பிரிவில் இருந்தேன். கொழும்புக்கு நேரே போகும் விமானம் கிழமைக்கு ஒருதரம்தான். அல்லாஹ்வின் கிருபை, அன்றைக்கு அந்த நாள். ஆனால் கைக்கெட்டியது வாய்க்கெட்டாத நிலை.

இந்தத் துறைக்கு வரும் தம்பிமாருக்கு இதை விளக்கவேண்டும். ஒரு விமானம் இறங்கவோ ஏறவோ வேண்டுமென்றால், அதன் அளவுக்கேற்ற ஃபயர் குறூ, டெண்டர் என்கிற தீயணைப்பு வண்டியோடு ஆயத்தமாக நிற்கவேண்டும். அதைக் ‘கெட்டகரி’ என்போம். ஓர் ஆள் குறைந்தாலும் கெட்டகரி இறங்கிவிடும், விமானம் அசையாது. அன்றைய ஷிப்டில் மேலதிகமாக ஒருவரும் இல்லை. நான் பயணியாக ஏறினால், அதே விமானத்துக்குக் காவல் நிற்கவேண்டிய ஆள் குறைந்துபோகும்.

போனில் என் மூத்த சகோதரர், காக்கா, பதிலுக்குக் காத்திருந்தார்.

“இண்டைக்கு அசர் தொழுகையோட அடக்குவம் எண்டு பள்ளியில சொல்றாங்க. நீ வாறதெண்டா நாளைக்குக் காலம்பற வரைக்கும் வெச்சிருப்பம். வாறயா, இல்லயா? சும்மா ‘பாப்பம்’ எண்டு சொல்லிராத. மையத்தக் காக்க வெக்கப்படாது.”

வருவேன் என்று சொல்ல வழியில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “கொஞ்சம் பொறுங்க காக்கா” என்று மட்டும் சொன்னேன்.

2. அந்தத் தீவைப் பற்றி

அந்த விமானநிலையம் பயணிகளுக்காகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனுக்குப் பயந்து, தென்னைகளைச் சாய்த்து அங்கே ஓடுபாதை போட்டான். பிறகு அதைப் பெரிய விமானப்படை முகாமாக்கினான். குடியிருந்த சனங்களைப் பக்கத்துத் தீவுகளுக்கு அனுப்பிவிட்டான். தீவுகளை இணைத்துக் கடலை மறித்துப் போட்ட பாதையும் அவன் காலத்து வேலைதான். எங்கள் ஸ்டோர் கதவுகூட அவன் போட்டது. எத்தனை மழைக்கும் அது உப்பவில்லை, அதற்காகவாவது அவனைக் கொஞ்சம் மெச்சலாம்.

அப்படி அனுப்பப்பட்ட குடும்பம் ஒன்றில் வந்தவன்தான் என் கூட்டாளி இப்றாஹீம். திவெஹி, இங்கிலீஷ், நான் பழக்கிய தமிழ் எல்லாம் கலந்துதான் நாங்கள் கதைப்போம். இங்கே எங்களூர்ப் பேச்சில் எழுதுகிறேன். காலையில் ஜீப்பில் போய், ஓடுபாதையில் கல், பறவை ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் முதல் வேலை. கிழக்கு முனை வந்ததும் அவன் வேகத்தைக் குறைப்பான், கையை உயர்த்துவான், உதடு அசையும்.

“யாருக்குடா சலாம்? டவருக்கா, கொக்குக்கா?” என்று முதல் நாளே நக்கலடித்தேன்.

“ரெண்டுக்கும்தான்” என்று சிரித்தான். பிறகு நானும் அதைக் கேட்கவில்லை.

3. ஒப்படைப்பு

ஹசன் சேர் வட்டிலப்பம் என்கிற இனிப்பையும் அடிமட்டம் வைத்து அளந்து வெட்டுகிற மனிதர் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரிடம் சலுகை கேட்க எனக்குத் துணிவில்லை. அவரோ தானாகவே இப்றாஹீமுக்குப் போன் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“சட்டத்த வளைக்க ஏலாது. ஆள மாத்த ஏலும். நீ பாஸ்போட்ட எடுத்துட்டு வா, சீட்டுக்கு நான் கதைக்கிறன்.”

அன்றைக்கு இப்றாஹீமுக்கு லீவு. கடலுக்குப் போகப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவன், பக்கத்துத் தீவிலிருந்து அந்தக் கடற்பாதை வழியே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். உடுத்திருந்த சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது, உடம்பெல்லாம் மீன் வாடை. ஃபயர் கிட் உடுப்பைப் போட்டு, டெண்டரில் என் இருக்கையில் ஏறி, மூச்சுக்கருவியைச் சோதித்துப் பார்த்தான்.

“உன்ட இடத்த எடுத்தாச்சு. நீ போடா.”

அதன் பிறகுதான் காக்காவுக்குப் போன் போட்டேன். “வாறன் காக்கா.”

அவசரத்தில் சப்பாத்து மாற்ற நினைவில்லை. ஃபயர் பூட்ஸோடேயே விமானத்தில் ஏறி, கொழும்பில் வேன் பிடித்து, அதிகாலையில் சுபஹு பாங்கு சொல்லும்போது சாய்ந்தமருதில் இறங்கினேன். “என்ன மகன் இது, வயலுக்குப் போறாப்போல?” என்று கேட்ட பக்கத்து வீட்டு மாமியே பிறகு விக்கி விக்கி அழுதா. நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் முத்தமிட்டேன். மையத்தைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

4. கிழக்கு முனை

திரும்பிப் போகும்போது இப்றாஹீமுக்கு மருதமுனை நெசவுச் சாரம் ஒன்று கொண்டுபோனேன். இந்தக் கடனை எப்படியடா தீர்ப்பேன் என்று கேட்டேன். அவன் ஜீப்பைக் கிழக்கு முனைக்கு ஓட்டிப்போய் நிறுத்தினான்.

“இதுக்குக் கீழதான் எங்கட பழைய மையவாடி. எங்கட மூத்தப்பா, வாப்பாட வாப்பா, அவர்ட உம்மா இங்கதான் கிடக்கிறா. எங்கள எழுப்பி அனுப்பினதுக்குப் பொறகு வெள்ளக்காரன் வேலி போட்டுட்டான். உம்மாட கபுறடிக்கு வந்து ஒரு சலாம் சொல்ல மூத்தப்பாக்குக் கிடைக்கல்ல. மௌத்தாகும் மட்டும் அதையேதான் கதைச்சார். உனக்கும் அப்பிடி ஆகப்படாது எண்டுதான் ஓடி வந்த நான்.”

கொக்குக்கா என்று நக்கலடித்த வாயால் அன்றைக்கு நானும் சலாம் சொன்னேன். அந்த வேலையில் இருந்த காலமெல்லாம் சொன்னேன்.

தம்பிமாரே, நம் தொழிலில் ஒருவர் நகரவேண்டுமென்றால் இன்னொருவர் வந்து நிற்கவேண்டும். அப்படி உங்கள் இடத்தில் வந்து நின்றவரை துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்று ஊர் வந்தும் நான் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியாக அந்தத் தீவை விட்டு வந்த நாளிலும் டியூட்டியில் இப்றாஹீம்தான் இருந்தான். மருதமுனைச் சாரத்தை டெண்டர் கண்ணாடியில் கொடிபோலக் கட்டியிருந்தான், ஹசன் சேர் கண்டும் காணாததுபோல நின்றார். விமானம் ஓடத் தொடங்கியது. கிழக்கு முனை வந்ததும் ஜன்னலோரம் நான் கையை உயர்த்தினேன். கீழே அவனும் உயர்த்தியிருந்தான்.