புவனேஸ்வரி டீச்சரின் தோட்டத்துச் செய்திகள்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, இரண்டு நாளாகக் காயாத பள்ளிக்கூடச் சேலையை அடுப்பு அனலுக்கு மேலே பிடித்ததுதான். மலைநாட்டுக் கந்தப்பளையின் மழைக்காலத்தில் சேலை அப்படித்தான் காயும். அப்போது கைப்பேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புவனேஸ்வரி டீச்சரின் தங்கை பேசினார். "அக்கா விடியப்புறம் போயிட்டா, பிள்ளை" என்றார். பேசி முடித்துத் திரும்பியபோது சேலைக் கரை கருகியிருந்தது. டீச்சர் இருந்திருந்தால் மறுநாள் காலைக்கூட்டத்தில் அதைச் செய்தியாக வாசிக்க வைத்திருப்பார்.

அவரிடம் படித்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தினமும் காலைக்கூட்டத்தில் ஒரு பிள்ளை பத்திரிகையைப் பார்த்துச் செய்தி வாசிக்கும். டீச்சர் வந்த புதிதில், லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏதோ தூரதேசத்தின் புதிய அமைச்சர்களுடைய பெயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"தம்பி, ராத்திரி உங்கட லயத்துக்குச் சிறுத்தை வந்ததாமே. அதை ஏன் வாசிக்கேல்லை?"

"அது செய்தி இல்லீங்க டீச்சர். நாயத்தான் தூக்கிட்டுப் போச்சு. ஆளத் தூக்கியிருந்தா பேப்பர்ல வந்திருக்கும்."

பிள்ளைகளோடு சேர்ந்து ஆசிரியர்கள் நாங்களும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. "நாயின்ரை பேர் என்ன?" என்று கேட்டார்.

"வெள்ளையனுங்க."

"அப்ப வெள்ளையனைப் பற்றிச் சொல்லு."

அவன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான். அமைச்சர்களிடம் திக்கிய வாய், வெள்ளையனிடம் ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அன்று முதல் எங்கள் பள்ளியில் தோட்டத்துச் செய்தி முதலாவது, நாட்டுச் செய்தி இரண்டாவது.

பிள்ளைகள் விரைவில் தொழில் பழகிக்கொண்டார்கள். "வானிலை. காலையில் பனி, மத்தியானம் பனி, பின்னேரம் மழை. நாளைக்கும் இதேதான்" என்று ஒருத்தி வாசித்தாள். இன்னொருத்தி துணிந்து, "மூன்றாம் லயத்தில் ஒரு சேவலைக் காணவில்லை. அன்றிரவே தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் கறி மணத்தது. விசாரணை தொடர்கிறது" என்று வாசித்துவிட்டாள். பள்ளி அதிபருக்கு வியர்த்தது. எங்கள் ஊர்க் குளிரில் அது சுலபத்தில் நடக்கிற காரியமல்ல.

பத்து மணிக்குள் தலைவர் வந்துவிட்டார். "என்னாங்க டீச்சர், எங்க வீட்டுச் சட்டிக்குள்ள என்னா கெடக்குன்னு ஸ்கூல்ல வாசிக்கிறாங்களாமே?"

"பிழையான செய்தி எண்டால் நாளைக்கு வந்து மறுப்பு வாசியுங்கோ."

அவர் உண்மையிலேயே வந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு, கையில் காகிதம். கறி, ராகலை பஸாரில் வாங்கிய கோழி என்று கூட்டத்துக்குத் தெரிவித்தார். "எந்தக் கடைங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தலைவருக்குக் கடைப் பெயர் ஞாபகம் வரவில்லை.

இதெல்லாம் எதற்கு என்று நான் டீச்சரிடம் ஒருமுறை கேட்டேன். "தன்ரை வாசலிலை நடந்ததைச் சொல்லக் கூசுற பிள்ளை, சோதினைத் தாளிலை தன்ரை பேரையும் கூசித்தான் எழுதும்" என்றார். நான் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அந்தக் கூச்சம் எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது.

அவர் நோயில் விழுந்து ஊருக்குப் போனதும் காலைக்கூட்டம் என் பொறுப்புக்கு வந்தது. அதிபர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "பேப்பர் செய்தியே போதுங்க டீச்சர். அதுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. புவனேஸ்வரி டீச்சர் வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் மறுபடியும் அமைச்சர்களை வாசிக்கிறார்கள். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் வாரம் தவறாமல் வந்து, "டீச்சர், எங்கிட்ட செய்தி இருக்கு, எப்பங்க வாசிக்கிறது?" என்று கேட்பாள். அவர் வரட்டும் என்பேன். மரணச் செய்தி வந்த அன்றும் அவள் வந்தாள். என் சேலையின் கருகிய கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் கேட்ட அந்தக் கேள்விதான்: "அதை ஏன் வாசிக்கேல்லை?" சேலை காயவைக்கும்போதும் அது காதில் விழுகிறது.

டீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இதை எழுதச் சொன்னவர் அதிபர்தான். "நல்லவிதமா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். மலர் வெளியாகி வரும் முதல் திங்கட்கிழமை, அந்தப் பிள்ளையைக் காலைக்கூட்டத்தின் முன்னே அழைக்கப்போகிறேன். அவளுடைய செய்தி என்னவென்று எனக்குத் தெரியாது. முன்கூட்டிக் கேட்கப்போவதும் இல்லை. இந்த முடிவை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதிபர் இதை இந்த இடத்தில் வாசித்துத்தான் தெரிந்துகொள்வார்.