எட்டுக் கேள்விக்குறிகள்

"பிள்ளை, பவுசர் ஏன் வரல்ல?"

தோப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர், எங்களுக்கெல்லாம் 'சேர்', தொலைபேசியில் கேட்டார். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனம் அவருடைய வகுப்பறைகளில் படுத்துக் கிடந்தது. அங்கிருந்த ஒரே கிணறும் கலங்கிச் சேறாகிவிட்டது.

நான் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் இருந்தேன். தண்ணீர் கொடுக்க வேண்டிய ஊர்களின் பெயரையும் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களையும் அடித்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. கொழும்பில் அதை இணைய வரைபடத்தில் ஏற்றுவார்கள். அதைப் பார்த்துத்தான் பவுசர், அதாவது தண்ணீர் லொறி, போகும் பட்டியலை எடுப்பார்கள். பட்டியலில் இல்லாத ஊருக்குப் போனால் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் மேசையில் அடித்துச் சண்டை பிடித்தவளும் நான்தான். எங்கள் ஊரை எங்கள் எழுத்தில் போட இவர்களுக்கு என்ன நோகிறது என்று அவ்வளவு கொதிப்பு எனக்கு.

சேரின் கேள்வியோடு வரைபடத்தைத் திறந்தேன். நிலாவெளி நிலாவெளியில் நின்றது. மற்ற ஊர்களைக் காணவில்லை. தேடிக்கொண்டே போனால், ஐயோ கடவுளே, தோப்பூரும் கிண்ணியாவும் திரியாயும் ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் மிதந்தன! எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று பயந்தேன்.

கொழும்பில் வரைபட வேலை பார்த்த மிஸ் பாதிநாள் குடைந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். நாங்கள் எல்லாரும் பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்போம். பார்வைக்குத் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில விசைகள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு நாங்கள் தட்டுவது அரைப்புள்ளியை. கொழும்புக் கணினியோ, பெயர் எங்கே முடிகிறது, எண் எங்கே தொடங்குகிறது என்று அரைப்புள்ளியை வைத்துத்தான் பிரிக்குமாம். தோப்பூர் மூன்று துண்டாகி, எண் இருக்க வேண்டிய கட்டத்தில் பெயரின் வால் போய்க் குந்திவிட்டது. எண் கிடைக்காத ஊரைக் கணினி பூச்சியத்தில் வைக்குமாம், அந்த இடம்தான் ஆபிரிக்காக் கடல். நிலாவெளியில் புள்ளியே இல்லை, அதனால் தப்பிவிட்டது.

"யுனிகோட்டில திருப்பி அடிச்சு அனுப்புங்க, அதில புள்ளியும் தமிழ்தான்" என்றார் மிஸ். பழக்கமில்லாத விசைகளில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து அனுப்பினேன். அடுத்த நாளும் பவுசர் நிலாவெளிக்குத்தான் போனது. அந்த ஊருக்கு அப்படி என்ன வரமோ தெரியவில்லை.

வரைபடத்தில் நிலாவெளியின் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், எட்டு. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பட்டியலில் நிலாவெளிக்கும் எட்டு, கிண்ணியாவுக்கும் எட்டு, திரியாய்க்கும் தோப்பூருக்கும் எட்டு. எழுத்தையும் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால் நாலு பெயரும் எட்டுத்தான். ஒரே பெயர் நாலு தரம் வந்திருக்கிறது என்று நினைத்த கணினி, முதலாவதான நிலாவெளியை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழித்துவிட்டது. நான் கதிரையில் சாய்ந்து பைத்தியக்காரி மாதிரிச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

தொலைபேசி அடித்தது. சேர். "பிள்ளை, குழந்தையளுக்குக் குடுக்கவும் தண்ணி இல்ல. இண்டைக்காவது வருமா?"

"வரும் சேர், கட்டாயம் வரும்" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

அவர் வைத்ததும் மிஸ் கொழும்பிலிருந்து எடுத்தார். "இப்போதைக்கு இங்கிலீஷில போடுவமே? அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடும். தமிழைப் பிறகு பாப்பம்."

"ஏலாது!" என்று கத்தினேன். "இண்டைக்கு இங்கிலீஷ் எண்டால் பிறகு எண்டைக்கும் இங்கிலீஷ்தான். உங்கட மெசின் பிழை, அதைத் திருத்துங்கோ."

மிஸ் வைத்துவிட்டார்.

மெசின் பிழையில்லை. என் கணினியில், கோப்பைச் சேமிக்கும் பெட்டியின் அடியில் ஒரு சின்னத் தெரிவு இருந்தது. அதை மாற்றாமல் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடுமாம். ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மிஸ் சொன்னபடி அதை மாற்றி அனுப்பினேன். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, இருக்க வேண்டிய இடத்தில், தோப்பூர் என்று தமிழில் வந்தது. எழும்பி நின்று கைதட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன்.

மத்தியானம் சேர் எடுத்தார்.

"வந்திட்டுதா சேர்?"

"ஓம் பிள்ளை, வந்திட்டு. நிறையத் தண்ணி. சனம்தான் இல்ல. தண்ணியில்லாம எத்தின நாளைக்குக் கிடப்பாங்க? விடியக் காலையிலயே புள்ளையளத் தூக்கிக்கிட்டு வெளிக்கிட்டாங்க. எந்தப் பக்கம் போனாங்களோ தெரியா."

மிஸ் கேட்டது வெறும் ஐந்து நிமிடம்.

"டிரைவர் கேக்காரு பிள்ளை," என்றார் சேர். "தண்ணிய எங்க இறக்குற?"