பதினொரு சிவப்பு இழைகள்

நான் தனியாகச் செய்த முதல் செயற்கைக் கண் போதைக் கண்ணாக அமைந்துவிட்டது. தப்பு என்னுடையது. ஆட்சிக் கவிழ்ப்புக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

1. அளவு எடுத்த நாள்

எங்கள் தீவு நாட்டில் கவிழ்ப்பு நடந்த சில வாரங்களில் பலரும் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்; லௌடோகா நகரில் எங்கள் கிளினிக்கின் கண் டாக்டரும் பிரிஸ்பேனுக்குக் கிளம்பினார். வழியனுப்பும்போது வழக்கம்போல் பெரிய மரச்சட்டியில் நங்கோனா கரைத்தோம். அந்த வேர்ச்சாறு நாக்கை மரத்துப்போகவைக்கும். மறுநாள் கண்ணைச் சிவக்கவைக்கும். டாக்டரின் பழைய நோயாளி, சபேட்டோ ஊர்க் கோவிந்த் அண்ணனும் வந்து கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார். மறுநாள் காலை என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரும் அவரே.

நாடி நகர விமான நிலையத்தில் அவருக்குச் செக்-இன் கவுண்டர் வேலை. கரும்புச் சோகை கிழித்து இடக்கண் போனதும் அவரைப் பயணிகளின் பெட்டிகள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"கட்டுப் போட்ட மூஞ்சியப் பாத்தா டூரிஸ்டு பயப்படுறானாம், தங்கச்சி. திங்கக்கிழமை ரெண்டு கண்ணோட வா, இல்லன்னா கவுண்டர வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு பாஸ் சொல்லிட்டான்."

செயற்கைக் கண் பார்வை தராது. அது எதிரில் நிற்பவர்களுக்காக. அக்ரிலிக்கில் கருவிழி வரைந்து, வெள்ளைப் பகுதியில் ரத்தநாளங்களுக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டு நூலை இழை பிரித்து ஒட்டுவோம். எத்தனை இழை என்பதை நல்ல கண்ணைப் பார்த்து எண்ணுவோம். எண்ணினேன்: பதினொன்று. அதிகம் என்று தோன்றவில்லை. நர்ஸ் கண் சிவப்பு, வாட்ச்மேன் கண் சிவப்பு, கண்ணாடியில் என் கண்ணும் சிவப்பு. சரிபார்க்க வேண்டிய டாக்டர் விமானத்தில் இருந்தார்.

சனிக்கிழமை பொருத்தியபோதும் அச்சாக ஒத்துப்போனது. முந்தின இரவு கோவிந்த் அண்ணனின் தம்பி குடும்பத்துக்கு வழியனுப்பு; அங்கேயும் மரச்சட்டி.

2. செவ்வாய்க்கிழமை

கோவிந்த் அண்ணன் திரும்பி வந்தார். நல்ல கண் தூங்கித் தெளிந்து வெளுத்திருந்தது. நான் செய்தது மட்டும் இன்னும் மரச்சட்டி பக்கத்திலேயே இருந்தது.

"ஐயோ அண்ணே! பாஸ் என்ன சொன்னாரு?"

"ஒரு பக்கம் மட்டும் குடிச்சியாடான்னு கேட்டான்."

"அப்ப கவுண்டர்?"

"கேளு. லைன்ல ஒரு அம்மா, ஒரேயடியா நாட்ட விட்டுப் போறாங்க. என் கண்ணப் பாத்து, 'அழாதய்யா, நாங்க வந்துருவோம்'னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. பின்னாடி லைன் பூரா அழுவுது. எடை கூடுன பெட்டிக்குக்கூட ஒருத்தனும் சண்ட போடல. பாஸ் பாத்தான். 'நீ இங்கயே இரு'ன்னுட்டான்."

எனக்கு உயிர் வந்தது. "வெள்ளையா வேற ஒண்ணு செஞ்சு தரேன் அண்ணே."

"செய்யி. லீவு நாள்ல போட்டுக்குறேன்."

அன்றிலிருந்து என் சோதனைப் பட்டியலில் முதல் கேள்வி, "நேத்து யாருக்கு வழியனுப்பு?" யாருக்கும் இல்லை என்றால்தான் இழை எண்ணுவேன். அந்த வருடம் கோவிந்த் அண்ணனின் வெள்ளைக் கண்ணுக்கு இழை எண்ண அப்படி ஒரு நாள் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று.