இயேசுவுக்கு எதிராக யசோதரா

தவக்காலத்தில் ராயபுரத்து மாதா கோயில் இளைஞர்கள் ஒரு மாதிரி வழக்கு நடத்தினார்கள். இந்தக் காலத்துச் சட்டப்படி இயேசு குற்றவாளியா என்று விசாரிப்பது. அவருக்காகப் பேச வக்கீல்கள் நான் நீ என்று முந்தினார்கள். எதிர்த்துப் பேச மட்டும் ஒரு ஆள் அகப்படவில்லை. கடைசியில் அந்த இளைஞர்களில் ஒருவனான சாவியோ, கோர்ட்டில் தன்னோடு ஜூனியராக இருக்கும் வியாசர்பாடி யசோதராவைப் பிடித்தான்.

"நீ புத்திஸ்ட்டு. உன்ன எந்த சாமியும் கேள்வி கேக்காது."

யசோதராவின் அம்மா பச்சையம்மாவும் கூட வந்தாள். மகன் வல்லரசு புழல் சிறைக்குப் போனதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வராதவள். மகள் வாதாடி அவள் பார்த்ததே இல்லை.

யசோதரா எழுந்தாள். கோயிலுக்குள் மேசைகளைப் புரட்டியவர், வியாபாரிகளைச் சாட்டையால் விரட்டியவர், போகிற இடமெல்லாம் கூட்டம் சேர்ப்பவர் என்று அடுக்கினாள். "இந்த நபர் வெளியே இருந்தால் பொது ஒழுங்கு கெடும். சாதாரணச் சட்டம் இவருக்குப் போதாது."

வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. வல்லரசுவைக் குண்டர் சட்டத்தில் போட்ட ஆணையின் வரிகள்தாம். ஆலையில் கூட்டாளி ஒருவனின் கை மெஷினில் போனபோது, ஆட்களைத் திரட்டி வாசலை மறித்து, மேனேஜர் மேசையைப் புரட்டியவன் அவன். தம்பியை உள்ளே தள்ளிய பாழாய்ப்போன வரிகளை ஒரு அக்கா இப்படியா பேசுவாள்? பேசினாள். நிறுத்த வரவில்லை.

குற்றவாளி என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். காலையில் பூசை கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். மகள் ஜெயிக்கட்டும் என்று பச்சையம்மாவும் தூக்கினாள்.

கல்மண்டபம் ரோடு வரை நடந்தார்கள். அங்கே பச்சையம்மா நின்றாள்.

"இம்மாம் ஷோக்கா பேசறியே. உன் தம்பிக்கு மட்டும் ஏன்டி வாயத் தொறக்கல?"

"குண்டாஸ் கேசுக்கு ஜட்ஜுங்க ஒக்கார்ற ஒரு போர்டு கீதும்மா. அதுல வக்கீல உள்ள வுட மாட்டாங்க. சொந்தக்காரங்க யார்னா எழுதிக் கேட்டா கூட நிக்கலாம். வக்கீலா மட்டும் இருக்கக் கூடாது."

"அப்போ நான் நின்னுருக்கலாமா?"

யசோதராவுக்கு அது அன்றைக்கே தெரியும். அம்மா உள்ளே போனால் அழுவாள், கத்துவாள், பெரிய நீதிபதிகள் முன்னால் இன்னா நைனா என்பாள், காரியம் கெட்டுவிடும் என்று பயந்து மூச்சுவிடாமல் இருந்துவிட்டாள். மனுவைத்தான் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். வல்லரசு தனியாகப் போய் நின்றான். கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லையாம். ஒரு வருஷச் சிறை உறுதியாகிவிட்டது.

"நின்னுருக்கலாம்மா."

பச்சையம்மா திட்டவில்லை. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பேசிருப்பேனே, யசோ."