வீட்டில் ஒருவராலும் வாசிக்க முடியாத கடிதம்

நான் பிரெயில் படித்தது அறிவை வளர்க்க அல்ல. கோபத்தில் படித்தேன்.

நீரிழிவு என் கண்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் லண்டன் ஆஸ்பத்திரிக் கடிதங்களைக் கணவர்தான் வாசித்துச் சொல்வார். எல்லாக் கடிதங்களிலும் ஒரே செய்திதான் இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லையாம், அடுத்த முறை பார்ப்பார்களாம். ஒரு நாள் கிளினிக்கில் டாக்டர், "இடது கண்ணைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேனே" என்றார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அந்தக் கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று எழுதினாராம். பக்கத்தில் இருந்த கணவர் இருமினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரோடு சண்டைக்குப் போனேன்.

"ஏன் மறைச்சனீங்கள்?"

"மறைக்கேல்ல. உமக்குப் பிறசர் ஏறும் எண்டு கொஞ்சம் குறைச்சுச் சொன்னனான்."

"என்ர கண்ணை நீங்கள் ஏன் குறைக்கிறியள்?"

"மெல்லக் கதையும். சனம் பாக்குது."

"பாக்கட்டும். அதுகளுக்காவது கண் தெரியுது."

இல்ஃபோர்டில் இருக்கும் மகளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவள் குற்ற உணர்வில் என் போனில் எதையோ ஏற்றித் தந்தாள். கடிதத்தைப் படம் எடுத்தால் போன் வாசிக்கும். தாளைக் கோணலாகப் பிடித்தால் பாதி வரியில் நின்றுவிடும். நேராகப் பிடித்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தும். எனக்கு வேண்டியது அது அல்ல. வீட்டில் ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்துத்தான் எனக்கு வேண்டும். கிளினிக்குக்குப் போன் செய்து, இனிமேல் எனக்கு வரும் கடிதங்களைப் பிரெயிலில், தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தில், அனுப்பச் சொன்னேன். சரி என்றார்கள். அப்போது எனக்கு ஒரு புள்ளிகூட வாசிக்கத் தெரியாது.

ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடந்தது. சொல்லித் தந்தவள் மதுரைப் பக்கத்துப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. கிழமை நாட்களில் ஏதோ வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. என் மகளை விட இரண்டு வயதுதான் கூட.

"அழுத்தாதீங்கக்கா. புள்ளி ஓடிடாது."

"எனக்கு ஒண்டும் பிடிபடேல்ல. அரிசி கொட்டின மாதிரி இருக்கு."

"அரிசியப் பொறுக்க வேணாம். மேலாப்பில போயிட்டே இருங்க. ஆமா, சுகர் பாக்க எந்த விரல்ல குத்துறீங்க?"

"சுட்டுவிரல்ல."

"படிக்கிற விரல்லயா குத்துவாங்க? வேற விரலே இல்லையா உங்களுக்கு?"

ஐந்து வருடமாக அந்த விரலைத்தான் குத்திக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மோதிர விரலுக்கு மாறினேன்.

மூன்று மாதத்தில் இங்கிலிஷ் எழுத்துகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் குழப்பமே. கடிதமும் புத்தகமும் சுருக்க வடிவத்தில்தான் வருமாம். ஒரு எழுத்து தனியாக நின்றால் அது ஒரு முழுச் சொல்லாம். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று சண்டை பிடித்தேன். "முதல்லயே சொன்னா யாரு வருவாங்கக்கா?" என்றாள். பாதிச் சுருக்கங்கள் மனதில் நின்றன. மீதியை நான் ஊகித்தேன். ஊகிப்பது அவளுக்கு உடனே தெரிந்துவிடும். என் விரல் சொல்லின் முடிவுக்குப் போவதற்கு முன்பே வாய் சொல்லிவிடுமாம்.

எட்டாவது மாதம் முதல் பிரெயில் கடிதம் வந்தது. வலது கண்ணைச் சோதித்த பிறகு வரும் கடிதம். அந்தக் கண்ணில் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் கணவர் உறையைப் பிரித்துவிட்டார்.

"தாள் கசங்கிக் கிடந்தது. வடிவா நீவி வச்சிருக்கிறன்."

"அது கசங்கல் இல்லை. எழுத்து."

"எனக்கென்ன தெரியும்?"

மத்தியானம் முழுக்க வாசித்தேன். "வலது கண்" தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே எங்கேயோ, சிகிச்சையை நிறுத்துகிறோம் என்பது போல ஒரு வரி. இரண்டாவது முறை வாசித்தபோது அந்த வரியைக் காணவில்லை. மூன்றாவது முறை அது வேறொரு இடத்தில் இருந்தது. அதை என் விரல் வாசித்ததா, என் பயம் வாசித்ததா என்று தெரியவில்லை. அவர் நீவியதில் புள்ளிகள் படுத்துவிட்டனவோ என்றும் தெரியவில்லை.

"என்னவாம்?" என்று கணவர் கேட்டார்.

"தெரியாது."

"தெரியாதோ, சொல்ல மாட்டீரோ?"

உண்மையாகவே தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. அவரை இப்படித் தவிக்கவிடும் நாளுக்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

"கிளினிக்குக்கு அடிச்சுக் கேப்பம். ரண்டு நிமிச வேலை."

"கேட்டால் அவங்கள் உங்களுக்குச் சொல்லுவாங்கள். பிறகு நீங்கள் எனக்குச் சொல்லுவியள். எனக்கு ஒருத்தரும் வாசிச்சுச் சொல்ல வேண்டாம்."

சனிக்கிழமை கடிதத்தைக் கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கையை நீட்டினாள். "குடுங்கக்கா, படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம் பிள்ளை. நான் வாசிக்கிறன். பிழை விட்டால் மட்டும் சொல்லும்."

மேசையில் தாளை விரித்தோம். என் விரலுக்கு ஒரு சொல் பின்னால் அவள் விரல் வந்தது. முதல் வரியிலேயே பிடித்தாள்.

"வியாழன் இல்லக்கா, செவ்வாய்."

அடுத்த வரியிலும் ஒன்றைத் திருத்தினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வரியில் இரண்டு பிழை விடுகிறவள் அந்த வரியையும் பிழையாகத்தான் வாசித்திருப்பாள். வலது கண் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் வேகத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்துக்கொண்டு அவள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். நிறுத்துகிறோம் என்ற சொல்லை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். அவள் விரல் என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"பிழையோ?"

"இல்லக்கா. சரியாத்தான் படிச்சீங்க."

எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

வெளியே மழை. கணவர் நூலக வாசலில் நின்றார். எழுதியிருந்ததை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். அவர் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார்.

"நீர் பிழையா வாசிச்சிருப்பீர்" என்றார். "இன்னொருக்கா வாசியும்."

"இஞ்ச நிண்டோ? தாள் நனைஞ்சால் புள்ளியெல்லாம் படுத்துப்போம்."

என் தலைக்கு மேல் இருந்த குடையை அவர் என் கையில் இருந்த தாளுக்கு மேல் பிடித்தார்.