அக்கா பெயரில் சேமித்த படம்

கதவு, படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் ஒருமுறை வரைந்து கம்ப்யூட்டரில் சேமித்துவிடுவேன். புது வீட்டுக்கு வரைபடம் கேட்டு வந்தால் எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ராமநாதபுரத்திலேயே நான்தான் வேகம் என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கணவர் துபாயில் இருந்ததால், கீழக்கரை ஆமினா அக்காவே வந்து தன் வீட்டுப் படத்தைப் பார்த்தார். மறுநாள் அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது.

"தம்பி, கக்கூஸ் மேற்க பாத்து இருக்கே. நாங்க தொழுவுற திசையாச்சே அது?"

வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே திருத்தினேன்.

"இந்தத் தாள்ல மட்டும் மாத்தாதிய. கம்ப்யூட்டருக்குள்ள வச்சிருக்கதயும் மாத்துங்க. நாளைக்கு அடுத்த வீட்டுக்கும் அதத்தான குடுப்பிய?"

சேமித்திருந்த கழிப்பறையையும் வடக்குப் பார்க்கத் திருப்பி, அவர் பெயரிலேயே சேமித்தேன். இன்றும் எல்லா வீட்டுக்கும் அதுதான். கழிப்பறைக்குத் தன் பெயர் என்று தெரிந்தால் அக்கா முதலில் திட்டுவார். பிறகு, திசை சரியா என்று பார்ப்பார்.